கடலும் கடனும்



இலங்கையின் வரலாற்றை எழுதியோர் அரசர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் குளங்களைப் பற்றியும் விரிவாக எழுதினர். உழவனைப் பற்றியும் ஓரளவு எழுதினர். கடலிலே தொழில் செய்து நாட்டுக்கு உணவளித்தவனைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. அவனுடைய தொழிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. வடக்குக் கிழக்குக் கரையோரத்து மீனவனின் அவ்வரலாற்றை இன்று சுருக்கமாக நோக்குவோம்.

இயந்திரப் படகு வருமுன்னர் இக்கரைகளில் முதன்மை பெற்றிருந்தது கரைவலைத் தொழில். விடியற்காலையில் வலையை ஏற்றிய தோணி கரையினின்று புறப்பட்டு, அரைவட்டமாகக் கடலைச் சுற்றி, வலையை இறக்கிக்கொண்டே மறுபுறத்தில் கரைசேரும். பின்னர் கரையில் நிற்போர் இருபுறமும் பிரிந்து, நீண்ட கயிறுகளைப் பற்றி, பல மணி நேரம் இழுப்பர். வலையின் நடுவேயுள்ள மடி கரையை அடையும்போதுதான் அன்றைய ஊதியம் தெரியவரும். நெத்தலியும் சூடையும் நிறைந்து வரும் நாளும் உண்டு. வெறும் பாசியோடு வரும் நாளும் உண்டு.

அத்தொழிலிலே மாதச் சம்பளம் என்பது இல்லை. பிடித்த மீனை விற்ற பணத்திலே செலவு கழித்து, வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கைச் சம்மாட்டி எடுத்துக்கொள்வார். எஞ்சியதை இழுத்தவர்கள் பகிர்ந்துகொள்வர். பருவம் தொடங்குமுன் சம்மாட்டியிடம் முற்பணம் பெற்றவன், அப்பருவம் முழுவதும் அவருடைய கயிற்றையே இழுக்கவேண்டியவனானான். அது தீராவிடின் அடுத்த பருவமும் அவனைக் கட்டியது.

உழவனுக்கும் கடன் உண்டு என்பீர்கள். உண்மையே. ஆயினும் உழவன் நெல்லைக் கோட்டையிற் கட்டி, விலை ஏறும்வரை காத்திருக்கலாம். மீனோ மாலைக்குள் விற்கப்படவேண்டும். இன்றேல் உப்பிட்டுக் கருவாடாக்கப்படவேண்டும். ஆகவே விலையை வாங்குபவனே தீர்மானித்தான். நிச்சயமற்ற பிடிபாடு, காத்திருக்க இயலாத பண்டம், ஒரே இரவில் அழியக்கூடிய வலை ஆகிய மூன்றும் சேர்ந்தே மீனவனைக் கடனாளியாக்கின.

யான் கடமையாற்றிய கரையோரப் பாடசாலை ஒன்றின் பழைய வரவுப் பதிவேடுகளிலும் இவ்வரலாற்றைக் கண்டேன். ஆண்டுதோறும் குறித்த சில மாதங்களிற் பல பெயர்களுக்கெதிரே வெற்றிடமே இருந்தது. காற்று மாறியதும், பெற்றார் வேறு கரைக்குச் சென்று வாடி அமைத்தனர். பிள்ளைகளும் உடன் சென்றனர். கடலின் பருவமும் பள்ளியின் தவணையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. திரும்பி வந்த பிள்ளைகளுட் சிலர் அதே வகுப்பில் மீண்டும் அமர்ந்தனர், சிலர் வரவேயில்லை.

1950 களின் பிற்பகுதியில் பெரும் மாற்றமொன்று ஏற்பட்டது. அரசாங்கம் இயந்திரப் படகுகளைத் தவணைக் கட்டண முறையில் வழங்கத் தொடங்கியது. பருத்தி வலைக்குப் பதிலாக நைலோன் வலை வந்தது. 1964 இல் இலங்கை மீன்பிடிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1960 களின் பிற்பகுதியிலே நோர்வே மக்களின் உதவியோடு காரைநகரிற் படகு கட்டும் தொழில் வளர்ந்தது. மீனவன் முன்பு எட்டாத தூரத்துக்குச் சென்றான்; பிடிபாடும் பெருகியது. ஆனால் எரிபொருளும் பனிக்கட்டியும் புதுச் செலவுகளாயின. படகுத் தவணையைக் கட்ட இயலாதோர் பலர். வலைக்கு முற்பணம் கொடுத்த வியாபாரி, மீனைத் தன் விலைக்கே பெற்றுக்கொண்டார். சம்மாட்டியின் இடத்துக்கு வேறொருவர் வந்தார், கடன் நிலைத்தது.

இயற்கையும் இரக்கம் காட்டவில்லை. 1964 டிசெம்பரில் தனுக்கோடியை அழித்த சூறாவளி நமது வடகரையையும் தாக்கியது. 1978 நவம்பரில் மட்டக்களப்பு சூறாவளியால் சிதைந்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை, கிழக்குக் கரையிலும் முல்லைத்தீவிலும் உயிர்களையும் படகுகளையும் ஒருங்கே கொண்டுசென்றது. படகு போயிற்று, படகுக்காகப் பெற்ற கடன் போகவில்லை.

1974 ஆம், 1976 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் இலங்கைக்கும் இந்தியாவுக்குமிடையே கடலில் எல்லை வகுத்தன. 1983 இன் பின்னர் போரும் தடைகளும் நமது மீனவனைக் கரையிலேயே நிறுத்தின. ஊர்கள் பலவும் இடம்பெயர்ந்தன. 2009 இற் போர் முடிந்து அவன் கடலுக்குத் திரும்பியபோது, எதிர்க்கரையின் இழுவைப் படகுகள் அவனுடைய வலைகளை அறுத்துச் செல்வதைக் கண்டான். 2017 இல் இலங்கை இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. எனினும் அப்படகுகளில் உழைப்போரிற் பலர் பிறருடைய படகில் ஏறிய ஏழைகளே என்பதையும் நாம் மறத்தலாகாது.

நேயர்களே, சந்தையில் மீனின் விலையைக் கேட்டு முகஞ் சுளிப்பது நமக்கு எளிது. அவ்விலையில் எவ்வளவு படகோட்டியவனைச் சேருகிறது என்று கேட்பதும் நமது கடமையாகும். வலையும் படகும் அவனுக்கே உரிமையாகி, பிடித்த மீனைத் தன் விலைக்கு விற்கும் வலிமை கூட்டுறவினால் அவனுக்குக் கிட்டுமாயின், அவனுடைய பிள்ளையின் பெயருக்கெதிரே உள்ள வெற்றிடமும் ஒருநாள் நிரம்பும்.