நகர்பேசி இயங்குதளங்களில் தமிழ்

நகர்பேசி இயங்குதளங்களில் தமிழ் என்பது, நகர்பேசிகளையும் திறன்பேசிகளையும் இயக்கும் அடிப்படை மென்பொருள்கள் தமிழ் எழுத்துகளைக் காட்டுதல், தமிழில் எழுத இடமளித்தல், தம் பட்டியல்களையும் அறிவிப்புகளையும் தமிழிலேயே தருதல் ஆகிய மூன்று வசதிகளையும் குறிக்கும். ஒரு பேசியில் இம்மூன்றும் ஒருங்கே அமைய வேண்டும் என்பதில்லை. தமிழ் படிக்க இயன்றும் எழுத இயலாத பேசிகள் பல ஆண்டுகள் விற்பனையில் இருந்தன. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவர் புதிய பேசியைத் தெரிவு செய்யும்போது படக்கருவி, நினைவகம் ஆகியவற்றுக்கு இணையாக இவ்வசதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியுள்ளது.

இன்று உலகச் சந்தையில் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் என்னும் இரு இயங்குதளங்களே முதன்மையானவை. இந்தியாவில் புழக்கத்திலுள்ள திறன்பேசிகளுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை ஆண்ட்ராய்டில் இயங்குகின்றன.

== இயங்குதளத்தின் பங்கு ==

நகர்பேசியின் வன்பொருளுக்கும் பயனர் நிறுவும் செயலிகளுக்கும் இடையில் நின்று இயங்குவது இயங்குதளம் ஆகும். திரை, மின்கலம், வானலைத் தொடர்பு, நினைவகம் ஆகியவற்றை அதுவே மேலாள்கிறது. எழுத்துகளைத் திரையில் வரைவதும் அதன் பணியே. ஆகவே இயங்குதளத்தில் தமிழ் இல்லையெனில், பொதுவாக அதன்மேல் இயங்கும் செயலிகளிலும் தமிழ் சரிவரத் தோன்றாது.

ஒருங்குறியில் தமிழுக்கு உரிய பகுதி 1991 இல் வெளியான முதற்பதிப்பிலிருந்தே உள்ளது. அம்முறையில் உயிர்மெய் எழுத்துகள் தனித்தனியே குறியேற்றம் பெறவில்லை. "மீனாட்சி" என்னும் சொல் கண்ணுக்கு மீ, னா, ட், சி என நான்கு எழுத்துகளாகத் தோன்றினாலும், கணினியில் ம, ஈகாரக் குறி, ன, ஆகாரக் குறி, ட, புள்ளி, ச, இகரக் குறி என எட்டுக் குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. "கெ" என்பதில் எகரக் குறி (கொம்பு) மெய்க்குப் பின்னர் சேமிக்கப்பட்டாலும் மெய்க்கு முன்னர் காட்டப்பட வேண்டும். "கொ" என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்க வேண்டும். இவ்வாறு குறிகளை ஒழுங்குபடுத்தி வரைவது எழுத்துக் கோப்பு எனப்படும்.

எழுத்துரு இல்லாத பேசியில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியும். எழுத்துரு இருந்து எழுத்துக் கோப்பு இல்லையெனில் கொம்பும் காலும் இடம் மாறித் தோன்றும். இவை இரண்டும் வெவ்வேறு குறைகள் ஆகும்.

== வரலாறு ==

=== தொடக்க காலம் ===

2000களின் முற்பகுதியில் இந்தியாவில் விற்கப்பட்ட நகர்பேசிகள் பெரும்பாலும் எண்விசை கொண்ட எளிய பேசிகளே. அவற்றுள் சிலவற்றில் பட்டியல்களைத் தமிழில் பெறும் வசதி இருந்தது. எனினும் ஒரு நிறுவனப் பேசியிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குறுஞ்செய்தியைத் தமிழ் வசதியற்ற வேறொரு பேசியில் படிக்க இயலவில்லை. இக்காரணத்தாலும் பழக்கத்தாலும் தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதும் வழக்கம் பரவியது.

மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்னும் மென்பொருள் 2005 சனவரியில், பொங்கலையொட்டி, சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. இயங்குதளத்தில் தமிழ் இல்லாத பேசிகளிலும் தமிழில் குறுஞ்செய்தி எழுதவும் படிக்கவும் இது வழிசெய்தது. பின்னர் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் உரிய பதிப்புகள் வெளிவந்தன.

திறன்பேசிகள் பரவிய தொடக்க ஆண்டுகளில் தமிழ் இணையப் பக்கங்களைப் படிக்க ஓப்பரா மினி உலாவி பெரிதும் பயன்பட்டது. அதன் அமைப்புகளில் ஒரு தெரிவை மாற்றினால், வழங்கி தமிழ் எழுத்துகளைப் படங்களாக மாற்றிப் பேசிக்கு அனுப்பும். பேசியில் தமிழ் எழுத்துரு இல்லாவிடினும் பக்கத்தைப் படிக்கலாம். ஆயின் அவ்வெழுத்துகளைப் படியெடுக்கவோ தேடவோ இயலாது.

=== ஆண்ட்ராய்டு ===

ஆண்ட்ராய்டு லினக்சுக் கருவினை அடிப்படையாகக் கொண்டது. கூகுள் நிறுவனம் 2005 இல் இதனை வாங்கியது. முதற்பதிப்பு 2008 செப்டம்பரில் வெளியானது. தொடக்கப் பதிப்புகளில் தமிழ் இல்லை. 2011-2012 காலப்பகுதியில் வெளியான 3, 4 வரிசைப் பதிப்புகளில் தமிழ் எழுத்துருவும் எழுத்துக் கோப்பும் சேர்ந்தன. 2014 இல் வெளியான 5.0 பதிப்பில் புதிதாகச் சேர்க்கப்பட்ட 15 மொழிகளுள் தமிழும் ஒன்று. அதன்பின் பட்டியல்கள், அமைப்புகள், எச்சரிக்கைகள் ஆகியன முழுவதும் தமிழில் கிடைத்தன.

ஆயினும் புதிய பதிப்பு வெளியானதால் பழைய பேசிகளுக்குப் பயன் விளையவில்லை. ஆண்ட்ராய்டில் இற்றைப்படுத்தலைப் பேசியைச் செய்த நிறுவனமே வழங்க வேண்டும். 2.2, 2.3 பதிப்புகளுடன் விற்கப்பட்ட மலிவான பேசிகள் பல, கடைசி வரை அதே பதிப்பில், தமிழின்றியே இருந்துவிட்டன.

=== ஐஓஎஸ் ===

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 2007 இல் வெளியானது. இந்தியாவில் 2008 ஆகத்தில் விற்பனைக்கு வந்தது. தமிழைக் காட்டும் வசதி வந்த பின்னரும், தமிழில் எழுதும் விசைப்பலகை அதில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. தனிச் செயலி ஒன்றனுள் எழுதி, படியெடுத்து, வேண்டிய இடத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. 2013 இல் வெளியான ஐஓஎஸ் 7 பதிப்பில் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகள் சேர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு வெளியான ஐஓஎஸ் 8, பிற நிறுவனங்களின் விசைப்பலகைகளையும் அனுமதித்தது.

பட்டியல்கள் தமிழில் வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2025 இல் வெளியான 18.4 பதிப்பிலேயே தமிழ் உள்ளிட்ட 10 மொழிகள் இயங்குதள மொழிகளாகச் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டின் திருப்பெரும்புதூரில் ஐபோன்கள் உற்பத்தியாகி வந்த ஆண்டுகளிலும் அவற்றின் பட்டியல்கள் தமிழில் இருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

=== பிற இயங்குதளங்கள் ===

* சிம்பியன்: நோக்கியாவின் திறன்பேசிகளில் இயங்கியது. 2011 இல் அந்நிறுவனம் விண்டோசு போனுக்கு மாறுவதாக அறிவித்தபின் மறைந்தது.
* பயர்பாக்சு ஓஎஸ்: மொசில்லாவின் கட்டற்ற இயங்குதளம். 2014 இல் இந்தியாவில் 1,999 உரூபாய் விலையில் இன்டெக்சு நிறுவனத்தின் பேசியில் வெளியானது. இந்தியும் தமிழும் அதில் இருந்தன. 2015 இறுதியில் பேசிகளுக்கான பணியை மொசில்லா கைவிட்டது.
* டைசன்: சாம்சங் நிறுவனம் 2015 சனவரியில் இந்தியாவில் இப்பேசிகளை அறிமுகப்படுத்தியது. பின்னர் நிறுத்தியது.
* விண்டோசு போன், விண்டோசு 10 மொபைல்: பின்னதற்கான ஆதரவு 2020 சனவரியில் முடிவுற்றது.
* கைஓஎஸ்: பயர்பாக்சு ஓஎசின் வழித்தோன்றல். 2017 இல் வந்த ஜியோபோனால் இந்தியாவில் பரவியது.
* பார்ஓஎஸ்: சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆதரவில் உருவாகி, 2023 சனவரியில் அறிமுகமானது. ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தை அடிப்படையாகக் கொண்டது.

இவ்வரலாறு பயனர்க்கு ஒரு செய்தியை உணர்த்துகிறது. இயங்குதளம் மறைந்தால் பேசி பழுதடையாவிடினும் அதன் பயன் குறைந்துவிடும். வாட்சப் செயலி 2023 அக்டோபருக்குப் பின் ஆண்ட்ராய்டு 5.0 க்கு முந்தைய பதிப்புகளில் இயங்குவதில்லை. கைஓஎசுக்கான ஆதரவும் 2025 இல் நின்றது.

== உள்ளீட்டு முறைகள் ==

தமிழ்99 விசைப்பலகை 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசால் தரப்படுத்தப்பட்டது. இதில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் வலப்புறமும் அமைந்துள்ளன. ஒரே மெய் இருமுறை அழுத்தப்பட்டால் முதலாவதற்குப் புள்ளி தானே இடப்படும். "அம்மா" என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். அஞ்சல் முறை ஆங்கில எழுத்துகளின் ஒலிப்பைப் பின்பற்றுகிறது. ஆங்கில விசைப்பலகையில் பழகியவர்க்கு இது எளிது. ஆங்கிலம் அறியாதவர்க்குத் தமிழ்99 பொருத்தமானது.

2017 இல் கூகுள் தமிழில் பேசி உள்ளிடும் வசதியை வழங்கியது. எழுதப் பழகாதவர்களுக்கு இது பயன்படுகிறது. ஒலிப்பிழைகளை அனுப்பும் முன் சரிபார்த்தல் வேண்டும்.

== குறுஞ்செய்தியின் நீளம் ==

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 எண்ணுண்மி (பைட்டு) ஆகும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 7 துணுக்குகளில் அடங்குவதால் 160 எழுத்துகள் எழுதலாம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 16 துணுக்குகள் தேவைப்படுவதால் 70 குறிகளே அடங்கும். "மீனாட்சி" என்பதை இடைவெளிகளுடன் ஒரு செய்தியில் ஏழு முறையே எழுத இயலும். அப்பெயரையே ஒன்பது ஆங்கில எழுத்துகளில் எழுதினால் பதினாறு முறை எழுதலாம். குறுஞ்செய்திக்குத் தனிக் கட்டணம் வாங்கப்பட்ட காலத்தில், இவ்வேறுபாடு தமிழில் எழுதுவோரின் செலவைக் கூட்டியது. இணையவழிச் செய்திச் செயலிகளில் இவ்வரம்பு இல்லை.

== சட்டமும் சந்தையும் ==

இந்திய அரசு 2016 இல் வெளியிட்ட ஆணையின்படி, இந்தியாவில் விற்கப்படும் நகர்பேசிகள் 22 இந்திய மொழிகளையும் திரையில் காட்ட வேண்டும். ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு மற்றுமோர் இந்திய மொழியில் எழுதும் வசதியும் தேவை. அந்த மூன்றாம் மொழி தமிழாகவே இருக்க வேண்டும் என்று ஆணை கூறவில்லை. எனவே எளிய பேசிகளில் தமிழ் உள்ளீட்டை வாங்குபவரே உறுதிசெய்தல் நன்று.

ஆண்ட்ராய்டில் தன் மேலாதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுள் நிறுவனத்துக்கு 1,337.76 கோடி உரூபாய் தண்டம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை உறுதிசெய்து, ஆணையத்தின் கட்டளைகளுள் சிலவற்றை நீக்கியது.

== ஒப்பீடு ==

* தமிழில் பட்டியல்கள்: ஆண்ட்ராய்டில் 2014 முதல், ஐஓஎசில் 2025 முதல்.
* உரிமம்: ஆண்ட்ராய்டின் அடிப்படை திறந்த மூலம், ஆனால் கூகுளின் செயலிகள் அவ்வாறல்ல, ஐஓஎஸ் மூடிய மென்பொருள்.
* பேசிகள்: ஆண்ட்ராய்டு பல நிறுவனங்களின் பேசிகளில், பல விலைகளில் கிடைக்கும், ஐஓஎஸ் ஆப்பிளின் கருவிகளில் மட்டும்.
* இற்றைப்படுத்தல்: ஐஓஎசில் ஆப்பிளே நேரடியாக வழங்குகிறது. ஆண்ட்ராய்டில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். உயர்விலைப் பேசிகள் சிலவற்றுக்கு 7 ஆண்டுகள் உறுதியளிக்கப்படுகிறது. மலிவுவிலைப் பேசிகளுக்குக் காலம் குறைவு.
* செயலிகளை நிறுவுதல்: ஆண்ட்ராய்டில் வெளியிலிருந்தும் நிறுவலாம். இது உரிமையும் ஆகும், ஏமாற்றுச் செயலிகளுக்கு வாயிலும் ஆகும்.

== மதுரைப் பகுதியில் தெரிவு செய்தல் ==

மதுரையிலும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் பேசியைத் தெரிவு செய்வோர் கருதத்தக்க கூறுகள் சில உள்ளன.

'''வெப்பம்.''' சித்திரை, வைகாசி மாதங்களில் இங்கு வெப்பநிலை 40 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் பரிந்துரைக்கும் சூழல் வெப்பநிலை 0 முதல் 35 பாகை வரையே. இலித்தியம் மின்கலங்கள் மிகு வெப்பத்தில் விரைவில் கொள்ளளவை இழக்கும். வெயிலில் நிற்கும் வண்டியில் பேசியை வைத்தலையும், வெயிலில் மின்னேற்றம் செய்தலையும் தவிர்க்க வேண்டும். மின்கலத்தை மாற்றித்தரும் சேவை மையம் அருகில் உள்ளதா என்பதையும் அறிதல் நன்று.

'''அலைவரிசை.''' மதுரையில் 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 5ஜி சேவை அறிமுகமானது. ஜியோ நிறுவனத்துக்கு 2ஜி, 3ஜி வலைப்பின்னல்கள் இல்லை. எனவே 4ஜி வழிக் குரலழைப்பு வசதியற்ற பழைய பேசியில் அச்சேவையில் பேச இயலாது. ஊரில் எந்நிறுவனத்தின் அலை நன்கு கிடைக்கிறது என்பதை அறிந்தபின் பேசியைத் தெரிவு செய்தல் முறை.

'''பயன்பாடு.''' தமிழ்நாடு அரசு 2018 இல் வெளியிட்ட உழவன் செயலி, சந்தை விலை, வானிலை, மானியம் முதலிய செய்திகளைத் தமிழில் தருகிறது. மல்லிகையும் நெல்லும் பயிரிடும் உழவர்க்கு இத்தகைய செயலிகள் இயங்குவதே முதல் தேவை. மாணவர்க்கு நூல்களைப் படிக்கும் வசதி முதன்மையானது. மதுரையின் பெயரைத் தாங்கி 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை ஒருங்குறியில் எந்தப் புதிய பேசியிலும் படிக்கலாம். தகுதரம் (திஸ்கி) குறியேற்றத்தில் உள்ள பழைய கோப்புகளைப் படிக்க அதற்குரிய எழுத்துரு தேவை.

'''பழைய பேசி வாங்குதல்.''' *#06# என அழுத்தினால் பேசியின் 15 இலக்க அடையாள எண் தோன்றும். அது திருடப்பட்டதாகத் தடைசெய்யப்பட்ட பேசியா என்பதை நடுவண் அரசின் சஞ்சார் சாத்தி சேவையில் சரிபார்க்கலாம்.

'''கடையில் செய்யத்தக்க சோதனை.''' பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றி, "கொக்கு", "மௌனம்", "ஸ்ரீ" ஆகிய சொற்களை எழுதிப் பார்க்கலாம். கொம்பும் காலும் உரிய இடத்தில் அமைகின்றனவா, பட்டியல்களில் சொற்கள் திரையின் ஓரத்தில் வெட்டுப்படுகின்றனவா என்பன சில நொடிகளில் புலப்படும்.

== குறைகள் ==

இயங்குதளம் தமிழில் இருந்தும், வங்கிச் செயலிகள் உள்ளிட்ட பல செயலிகள் ஆங்கிலத்தில் மட்டும் உள்ளன. பணப் பரிமாற்றத்தின்போது தோன்றும் எச்சரிக்கையைப் படிக்க இயலாதவர் ஏமாற்றப்படும் வாய்ப்பு மிகுதி. தமிழாக்கங்களில் கலைச்சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதும், நேர்மொழிபெயர்ப்பால் பொருள் விளங்காமற் போவதும் சுட்டிக்காட்டப்படும் குறைகள். இவற்றால் தமிழறிந்த பயனர் பலரும் பேசியை ஆங்கிலத்திலேயே வைத்துள்ளனர். பயன்படுத்துவோர் குறைவு என்பதே செயலிகளைத் தமிழில் வழங்காமைக்குக் காரணமாகவும் கூறப்படுகிறது.