கிளாக்கர்மாரின் நியூரம்பேர்க்

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களிட்ட ஊரில் ஆரைக் கண்டாலும் கேட்கிற முதல் கேள்வி, "படிச்சு முடிச்சு என்ன செய்யப் போறியள்?" என்பதுதான். நாங்கள் வாய் திறக்க முதல் பதிலையும் அவையே சொல்லிப்போடுவினம்: "முகாமைத்துவ உதவியாளர் சோதினையை எடுங்கோ, ஒரு கந்தோரில ஏறி இருக்கலாம்." அந்தத் தொனியில் பாதி ஆறுதல், பாதி இளக்காரம். கிளாக்கர் வேலை எண்டால் பைல் தூக்கிற வேலை, வரலாறு அந்த மேசைப் பக்கம் எட்டியும் பாராது என்பதுதான் எங்களுடைய நினைப்பாகவும் இருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய விசாரணைகளைப் படிக்கத் தொடங்கிய பிறகு அந்த நினைப்பு ஆட்டம் கண்டது.

நியூரம்பேர்க் எண்டவுடன் எல்லாருக்கும் ஞாபகம் வாறது ஒரு படம்தான்: கூண்டுக்குள் இரண்டு வரிசையாக நாசித் தலைவர்கள், காதில் ஹெட்போன், பின்னால் வெள்ளைத் தொப்பியுடன் காவலர்கள். 1945 நவம்பர் 20 இல் தொடங்கிய அந்த வழக்கில் 24 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. கூண்டில் இருந்தது 21 பேர். 1946 ஒக்டோபர் 1 இல் தீர்ப்பு முடிந்தபோது 12 பேருக்கு மரண தண்டனை, 7 பேருக்குச் சிறை, 3 பேர் விடுதலை. இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கு. படத்துக்கு வெளியே, வழக்குத்தொடுநர் கந்தோரில் இருந்த சனத்தைப் பற்றித்தான் நாங்கள் கதைக்க விரும்புறம்.

அமெரிக்கத் தரப்பின் தலைமை வழக்குத்தொடுநர் ரொபேர்ட் ஜாக்சன், அந்த நாட்டு உச்ச நீதிமன்ற நீதியரசர். அவர் எடுத்த ஒரு முடிவு முழு வழக்கின் போக்கையும் தீர்மானித்தது. கண்ணீரோடு வந்து சொல்லுகிற சாட்சிகளை விட, நாசிகள் தாங்களே எழுதிக் கையொப்பம் வைத்த கடதாசிகளை வைத்து வழக்கை நடத்துவது என்பதே அது. சாட்சியைக் குறுக்கு விசாரணையில் உடைக்கலாம். "பழிவாங்க வந்தவன்" எண்டு சொல்லலாம். சொந்தக் கையெழுத்தை என்னெண்டு மறுக்கிறது? தீர்ப்பில் உள்ள கணக்குப்படி, தனிப்பட்ட எதிரிகளுக்கு எதிராக அரச தரப்பில் நேரில் சாட்சி சொன்னது 33 பேர் மட்டும்தான்.

முடிவை எடுத்தவர் ஜாக்சன். சுமந்தது கந்தோர். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் ஆவணங்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டதை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதிலிருந்து சுமார் 4,000 ஐப் பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, எங்கே கிடைத்தது எண்டு குறித்து, படப்பிரதி எடுத்து, மூலத்தைப் பூட்டி வைத்து, மொழிபெயர்த்து, ரைப் அடித்து, ஸ்டென்சிலில் பெருக்கி, ஆராருக்குப் போக வேணுமோ அவருக்குக் கொண்டுபோய்க் குடுக்க வேணும். ஜாக்சனின் செயலாளர் எல்சி டக்ளஸ் அவருடன் லண்டனுக்கும் பிறகு நியூரம்பேர்க்குக்கும் போனவர். அவருடைய பெயராவது இருக்கு. மிச்ச ரைப்பிஸ்ட்மார், பதிவாளர்மார், மொழிபெயர்ப்பாளர்களில் மிகப் பெரும்பாலானோரை எந்தப் பாடப்புத்தகமும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

ஆனால் அவர்களுடைய கைவேலை ஆவணங்களின் தலையிலேயே இருக்கு. பல ஆவணங்களின் இலக்கத்துக்குப் பின்னால் 'பி.எஸ்.' எண்டு வரும். அது பாரிஸ், ஸ்டோரி என்பதன் சுருக்கம்: பாரிஸில் இருந்த ஆவண அலுவலகமும் அதற்குப் பொறுப்பாக இருந்த கேணல் ரொபேர்ட் ஸ்டோரியும். 1061-பி.எஸ். எண்டால் தோலட்டை போட்ட, படங்கள் ஒட்டிய ஓர் அறிக்கை. 1943 இல் வார்சோவின் யூதக் குடியிருப்பை அழித்த எஸ்.எஸ். தளபதி யூர்கன் ஸ்ட்ரூப் தன் மேலிடத்துக்குப் பெருமையாக அனுப்பினது. பிடிபட்டவர்களும் கொல்லப்பட்டவர்களுமாக 56,065 பேர் எண்டு கடைசி இலக்கம் வரைக்கும் கணக்கு அதில் இருந்தது.

வழக்குத் தொடங்கிய முதல் கிழமையிலேயே ஸ்டோரி நீதிமன்றத்தில் ஒரு சத்தியக்கடதாசியை வாசித்தார். மேஜர் வில்லியம் கூகன் எழுதினது. ஆவணங்கள் எப்படிக் கைப்பற்றப்பட்டன, எப்படி இலக்கமிட்டுப் பாதுகாக்கப்பட்டன என்பதைப் படிப்படியாகச் சொல்லுகிற சலிப்பூட்டும் எழுத்து. வாசிக்கும்போது எங்களுக்கும் கொட்டாவி வந்தது. ஆனால் யோசிச்சுப் பாருங்கோ: அந்தச் சங்கிலி ஒரு இடத்தில் அறுந்தால், "இது நீங்கள் செய்த கடதாசி" எண்டு எதிரி சொல்லலாம். மற்ற எல்லாப் பெரிய பேச்சும் இந்தக் கொட்டாவியின் மேல்தான் நிண்டது.

பிழைகளும் நடந்தன. பிரதிகள் காணாமல் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகள் முறையிட்டார்கள். தலைமை நீதிபதி லோரன்ஸ் அரச தரப்பைப் பார்த்து, பத்திரிகைக்காரருக்கு 250 பிரதி குடுக்க முடியுமெண்டால் எதிர்த்தரப்புக்கு ஐந்துக்கு மேல் ஏன் குடுக்க முடியாது, ஆளுக்கு ஒண்டாவது குடுக்கலாமே என்ற கருத்தில் கேட்டார். கேட்டுப் பார்த்தால் சின்ன நிர்வாகப் பிரச்சினை. உண்மையில் வழக்கு நீதியானதா, வெறும் காட்சியா என்ற கேள்வியே அந்தப் பிரதிகளின் எண்ணிக்கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு சறுக்கல் 1946 மார்ச்சில். கோரிங்கை ஜாக்சன் குறுக்கு விசாரணை செய்கிறார். கையில் 1935 ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்பு. றைன்லாந்தை 'விடுவிக்க' அப்போதே திட்டம் போட்டீர்கள் எண்டு மடக்கப் பார்க்கிறார். கோரிங் அமைதியாகச் சொல்லுகிறார்: அது றைன்லாந்து இல்லை, றைன் ஆறு, படைதிரட்டும் காலத்தில் ஆற்றுப் போக்குவரத்துக்கு வழியைத் துப்புரவாக்குவது பற்றியது. மொழிபெயர்ப்புப் பிழை. எதிரியின் கை ஓங்கினது. ஜாக்சன் பொறுமை இழந்தார். ஒரு மேசையில் ஒரு சொல் வழுக்கினதுக்கு ஒரு நீதியரசர் உலகத்துக்கு முன்னால் விலை குடுத்தார்.

ஒழுங்காக இலக்கம் போட்டால் மட்டும் கடதாசி உண்மை பேசிவிடாது என்பதையும் நியூரம்பேர்க்கே காட்டினது. கற்றின் காட்டில் போலந்து அதிகாரிகளைக் கொன்றது ஜேர்மனியர் எண்டு சோவியத் தரப்பு ஓர் அறிக்கையை முன்வைத்தது. அதற்கும் இலக்கம் இருந்தது: யு.எஸ்.எஸ்.ஆர்.-54. தீர்ப்பு அந்தக் கொலைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. கொன்றது தாங்கள்தான் எண்டு மொஸ்கோ 1990 இல்தான் ஒப்புக்கொண்டது.

எங்களை அதிகம் உலுக்கினது இதற்குப் பிந்திய வழக்குகளில் ஒன்று. பேர்ளினில் கைப்பற்றப்பட்ட கோப்புகளுக்குள் தேடிக்கொண்டிருந்த ஓர் ஆராய்ச்சியாளர் சில கட்டுகளைக் கொண்டுவந்து பெஞ்சமின் பெரன்ஸ் என்ற இளம் சட்டத்தரணியின் மேசையில் வைத்தார். கிழக்கு முனையில் யூதர்களைச் சுட்டுக் கொன்ற ஐன்சாட்ஸ்குரூப்பன் படையணிகளின் அறிக்கைகள்: எந்த அணி, எந்த ஊர், எந்த நாள், எத்தனை பேர். பெரன்ஸ் ஒரு சின்னக் கூட்டல் இயந்திரத்தை எடுத்து எண்களைக் கூட்டத் தொடங்கினார். பத்து இலட்சத்தைத் தாண்டினதும் கூட்டுவதை நிப்பாட்டினார். மேலதிக வழக்குக்கு ஆளுமில்லை, காசுமில்லை எண்டு மேலிடத்தில் தயக்கம் இருந்தது. அவர் தானே நடத்துறன் எண்டார். அப்போது வயது 27. அதற்கு முதல் அவர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கும் பேசினதில்லை. 1947 இல் அரச தரப்பு தன் வழக்கை இரண்டே நாளில் முன்வைத்து முடித்தது. 22 பேர் விசாரிக்கப்பட்டார்கள். 1948 ஏப்ரலில் 14 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கடைசியில் நிறைவேறினது 4 பேருக்கு மட்டும்.

அந்த அறிக்கைகளையும் ஆரோ ஒரு கிளாக்கர்தான் ரைப் அடித்திருப்பார் என்பதை மறக்கக்கூடாது. பேர்ளினில் ஒரு மேசை, ஒரு ரைப்ரைட்டர், பின்னேரம் வீட்டுக்குப் போக அவசரம். வரிசையில் ஊர்ப் பெயர், எதிரே எண்ணிக்கை. கொலைக் கந்தோரிலும் வழக்குக் கந்தோரிலும் செய்யப்பட்டது ஏறக்குறைய ஒரே தொழில்: திகதி, இலக்கம், பிரதி, கோப்பு. ஆகவே "கிளாக்கர்மார் வரலாற்றின் மறைந்த வீரர்கள்" எண்டு கைதட்டிப்போட்டுப் போக எங்களால் முடியேல்லை. ஆருக்காக, எதுக்காக அந்த இலக்கத்தைப் போடுகிறோம் என்பதை மேசையில் இருக்கிறவர் கேட்டே ஆக வேணும்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போனோம். மகனைத் தேடுகிறவர். ஒரு கந்தோரில் "உங்கட பைல் கிடைக்கேல்லை, எல்லாத்தையும் திரும்பக் கொண்டுவாங்கோ" எண்டு சொல்லிப்போட்டினமாம். ஒரு ஷொப்பிங் பையை எடுத்து எங்களுக்கு முன்னால் கவிட்டார். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கடிதங்கள், பதிவுத்தபால் துண்டுகள், ஒரு சாரதி அனுமதிப்பத்திரம், ஓரம் கரைஞ்ச படம். எல்லாம் இருந்தது. ஒண்டும் ஒழுங்கில் இல்லை.

நாங்கள் சட்டம் படிக்கிறவையும் இல்லை, வாக்குறுதி குடுக்கக்கூடிய ஆக்களும் இல்லை. ஒரு சீஆர் கொப்பியை எடுத்துக் கோடு போட்டோம்: இலக்கம், திகதி, ஆர் குடுத்தது, மூலமா பிரதியா, எங்கே வைத்திருக்கு. அம்மா ஒவ்வொரு தாளாக எடுத்துத் தர, ஒருத்தர் வாசிக்க, ஒருத்தர் எழுத, ஒருத்தர் போனில் படம் எடுக்க, பின்னேரமாகிவிட்டது. மொத்தம் 63 தாள். மூலங்களை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ அம்மா, பிரதியை மட்டும் குடுங்கோ, குடுத்த நாளை இதில எழுதுங்கோ எண்டு சொன்னோம். "இதை முதலே ஆரும் சொல்லேல்லையே பிள்ளையள்" எண்டார்.

அடுத்த முறை சோதினையைப் பற்றி ஊரில் ஆரும் கேட்டால், எடுக்கிறம் எண்டுதான் சொல்லப் போறோம்.