பீரங்கிப் பலகணி

பழைய போர்க்கப்பல்களைப் பற்றிப் படிப்போர் பீரங்கிகளின் பருமனையும் பாய்களின் விரிவையுமே வியப்பர். ஆயின் ஐரோப்பியக் கடற்போரை உருமாற்றியது, கப்பலின் விலாவில் வெட்டி, பிணைச்சற் கதவு பூட்டிய ஒரு சதுரப் பலகணியே என்பது என் துணிபு.

15ஆம் நூற்றாண்டுக் கப்பற் பீரங்கிகள் பெரும்பாலும் சிறியன. மேற்றட்டில் நின்று எதிரியின் ஆட்களைக் கொல்லுமேயன்றிக் கலத்தை உடைக்கமாட்டா. பெரும் பீரங்கிகளை உயரத்தில் ஏற்றினாற் கப்பல் தலைகனத்துச் சரியும். 1500ஆம் ஆண்டையொட்டிப் பலகணி வழக்கத்துக்கு வரவே, அவற்றை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கீழ்த்தட்டில் வரிசையாக நிறுத்த முடிந்தது. பின்னாளில் நம் தீவின் துறைகளிற் புகுந்த ஒல்லாந்த, ஆங்கிலப் போர்க்கப்பல்களும் இத்தகைய பலகணிகளை உடையனவே.

ஆனால் நீருக்கு இத்துணை அண்மையிற் கதவு வைத்தவன் நீருக்கும் அன்றோ வழி வைத்தான்!

1545 யூலை 19ஆம் நாள், பிரெஞ்சுக் கடற்படையை எதிர்க்கப் புறப்பட்ட ‘மேரி றோஸ்’ போட்ஸ்மத் துறைமுகத்துக்கு வெளியே திரும்புகையிற் சாய்ந்தது. திறந்திருந்த பலகணிகளால் நீர் புகுந்தது. எட்டாம் என்றி மன்னன் கரையில் நின்று பார்த்திருக்க, ஏறக்குறைய 500 பேருடன் கப்பல் ஆழ்ந்தது. பிழைத்தோர் மிகச் சிலரே.

சுவீடனின் ‘வாசா’ கதை இதனினும் வருந்தத்தக்கது. இரண்டாம் குஸ்தாவ் அடொல்ப் மன்னன் கட்டுவித்த அக்கப்பலில் 64 பீரங்கிகள். அவற்றுள் 48, 24 இறாத்தற் குண்டு எறிவன. இரு முழுத் தட்டுகளில் இவ்வளவு பாரத்தை ஏற்றியும் அடிப்பகுதிக்கு அதற்கேற்ற அகலமும் எடையும் இல்லை. இதை ஒருவரும் அறியாதிருந்தனர் என்று சொல்வதற்கில்லை. புறப்படுமுன் 30 பேரை மேற்றட்டின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஓடவிட்டுச் சோதித்தனர். மூன்று ஓட்டத்துக்குள் கலம் கவிழ்வதுபோல் ஆடிற்று. உடனிருந்த தளபதி கிளாஸ் பிளெமிங் ஓட்டத்தை நிறுத்தினார், பயணத்தை நிறுத்தினாரல்லர். மன்னனோ போர்முனையிலிருந்து கப்பலை விரைந்து எதிர்பார்த்திருந்தான்.

1628 ஓகஸ்ட் 10ஆம் நாள் ஸ்ரொக்ஹோம் துறைமுகத்தில் மரியாதை வேட்டுத் தீர்க்கப் பலகணிகள் திறந்திருந்தன. ஒரு காற்று வீசியது. ஏறக்குறைய 1,300 மீற்றர் சென்ற கப்பல் கரையில் நின்ற மக்களின் கண்முன்னே மூழ்கியது; சுமார் 30 பேர் மாண்டனர். விசாரணை நடந்தது. கப்பலின் அளவுகளுக்கு மன்னனே இசைவளித்திருந்தான். தலைமைத் தச்சனோ முந்திய ஆண்டே இறந்துவிட்டான். எவரும் தண்டிக்கப்படவில்லை. மன்னன்மீது குற்றஞ் சாட்ட யாருக்குத் துணிவு வரும்?

இவ்விரண்டையும் அறிந்த பின்னரும், 1782 ஓகஸ்ட் 29இல் ‘றோயல் ஜோர்ஜ்’ என்னும் 100 பீரங்கிக் கப்பலை, நங்கூரமிட்டபடியே, ஆங்கிலேயர் வேண்டுமென்றே சாய்த்தனர். நீர்மட்டத்தின் கீழ் ஒரு குழாயைச் செப்பனிடுவதற்காகவாம்! சாய்ந்த பக்கத்துப் பலகணிகளால் நீர் புகுந்தது. வழியனுப்ப வந்த பெண்டிர், பிள்ளைகள் உட்பட 800 பேருக்கு மேல் மடிந்தனர். உளுத்த மரத்தின்மேற் பழி போடப்பட்டது.

பிற்காலத்தில் ‘றோயல் ஜோர்ஜ்’ கிடந்த இடத்திற் சுழியோடிய டீன் சகோதரர்களை, தம் வலைகள் அருகிலே எதிலோ சிக்குவதாகச் சொல்லி மீனவர் அழைத்தனர். 1836இல் அங்கே அவர்கள் கண்டது ‘மேரி றோஸ்’. பீரங்கிகள் சில அப்போதே மேலே வந்தன. ‘வாசா’ 1961இல் ஏறக்குறைய முழுமையாகத் தூக்கப்பட்டது. ‘மேரி றோஸி’ன் எஞ்சிய வலப்புற உடலோ 1982 ஒக்டோபர் 11ஆம் நாளிலேதான் வெளிச்சத்தைக் கண்டது.