விக்டோரியா ஏரி: கலங்கலின் வரலாறு

விக்டோரியா ஏரியின் அழிவு என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒரு மீன். ஹூபர்ட் சாப்பர் 2004-இல் வெளியிட்ட 'டார்வின்ஸ் நைட்மேர்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். நம் கடலோரக் கொடுவாவின் பேரினத்தைச் சேர்ந்த நைல் பெர்ச் அது. அயல்நீரின் வேட்டை மீனை இங்கு விடுவது பேராபத்து என்று மைக்கேல் கிரஹாம் 1929-லேயே தம் ஆய்வறிக்கையில் எச்சரித்திருந்தார். ஆயினும் 1950-களில் அது ஏரிக்குள் வந்தது; 1980-களில் பெருகி, ஏரிக்கே உரிய சிறுமீன்களைத் தின்று தீர்த்தது. இக்கதை பொய்யன்று. ஆனால் இதன் முதல் அத்தியாயம் ஏரியில் எழுதப்படவில்லை. அதைச் சூழ்ந்த மேட்டுநிலங்களில் எழுதப்பட்டது.

மொம்பாசாவிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1901-இல் ஏரிக்கரையைத் தொட்டது. பின்னர் கென்யாவின் மேட்டுநிலங்கள் வெள்ளையர் குடியேற்றத்துக்காகப் பறிக்கப்பட்டன. காடுகள் பணப்பயிர்களுக்கு வழிவிட்டன. நிலமிழந்தோர் எஞ்சிய சரிவுகளில் நெருக்கி உழுதனர். வேர்ப்பிடிப்பு இழந்த மண்ணை நியாண்டோ போன்ற ஆறுகள் ஏரியில் கொண்டுவந்து கொட்டின. மண்ணோடு வந்த பாஸ்பரஸ் பாசியை வளர்த்தது. ஏரியடிப் படிவுகளை ஆராய்ந்தோர், பாசிப் பெருக்கம் 1930-களிலேயே தொடங்கிவிட்டதென்கின்றனர். அப்போது பெர்ச் அங்கே இல்லை.

கலங்கிய நீர் செய்த கொலை விசித்திரமானது. ஏறக்குறைய 15,000 ஆண்டுகளுக்கு முன் இந்த ஏரி வற்றிக் கிடந்தது. மீண்டும் நிறைந்த பின் அதில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிக்லிட் இனங்கள் கிளைத்தன. கரைவாசிகள் அவற்றை ஃபுரு என்பர். பல இனங்களில் ஆணின் சிவப்பையோ நீலத்தையோ கண்டே பெண்மீன் துணையைத் தேர்கிறது. நீர் கலங்க நிறம் மறைந்தது; இனங்கள் ஒன்றோடொன்று கலந்து தனித்தன்மை இழந்தன. சேஹாவுசனும் அவர் தோழர்களும் 1997-இல் இதனை நிறுவினர். எந்த வாயிலும் அகப்படாமலே ஓர் இனம் அழியக்கூடும் என்பதை நாம் அன்று அறிந்தோம்.

வட்டம் இத்துடன் முடியவில்லை. ஃபுருவை வெயிலில் உலர்த்தினால் போதும். கொழுப்பு மிகுந்த பெர்ச்சுக்கோ புகையூட்ட வேண்டும். அதற்கு விறகு வேண்டும். கரையோர மரங்கள் வெட்டுண்டன. மேலும் மண் சரிந்தது. 1989-ஐ ஒட்டி ஆகாயத்தாமரையும் நீர்ப்பரப்பை மூடத் தொடங்கியது. ஊட்டம் மிகுந்த நீர் அதற்கு விருந்தாயிற்று.

நிலத்தை முதற்பொருள் என்றும், அதில் வாழும் மாவையும் புள்ளையும் கருப்பொருள் என்றும் வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். மாணவர் அதைத் தேர்வுக்குரிய பட்டியலாக மனனம் செய்கின்றனர். நாமும் பெரும்பாலும் அவ்வாறே கற்பித்திருக்கிறோம். நிலம் ஏன் முதல் என்பதற்கு இந்த ஏரியைவிடத் தெளிவான உரை நமக்குக் கிட்டியதில்லை. பெர்ச்சை மனிதர் மிகையாகப் பிடித்ததால் 1990-களிலிருந்து ஃபுருவில் சில இனங்கள் மீண்டு வந்துள்ளன. ஆனால் கலங்கலில் ஒன்றாய்க் கலந்துவிட்டவற்றை எந்த வலையும் பிரித்துத் தராது. அவற்றுக்கு எஞ்சியிருக்கும் உறவினங்களையேனும் காக்க வேண்டுமாயின், பணி மலைச்சரிவில் தொடங்க வேண்டும்.