போச்சம்பள்ளியிலிருந்து பார்க்டேலுக்கு

ரொறன்ரோவின் மேற்கே, பார்க்டேலில், குயின் தெருக் கடைகளின் பின்பக்கம் மில்க்கி வே என்றொரு சந்து ஓடுகிறது. அதில் 87ஆம் இலக்கத்தில் சுமார் 7,000 சதுர அடி மண். இந்தியா, நேபாளம் வழியாக வந்து குடியேறிய திபெத்தியர்கள் அங்கே காய்கறி போட்டு வந்தார்கள். 2017இல் அந்த மண்ணைப் பார்க்டேல் நெய்பர்ஹுட் லேண்ட் டிரஸ்ட் விலைக்கு வாங்கியது. ஊர்க்காரர்கள் 2014இல் தொடங்கிய நில அறக்கட்டளை அது. நிலத்தைச் சந்தையிலிருந்து ஒரேயடியாக வெளியே எடுத்து ஊர்ப் பொறுப்பில் வைப்பதுதான் அதன் வேலை.

இந்த யோசனை கனடாவில் முளைத்ததல்ல. ஊர் ஊராக நடந்து வந்தது.

1951 ஏப்ரல் 18. தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் இன்னும் அடங்காத நேரம். போச்சம்பள்ளிக்கு நடந்தே வந்த வினோபா பாவேயிடம் நிலமில்லாத தலித் குடும்பங்கள் 80 ஏக்கர் கேட்டன. அரசாங்கத்துக்கு எழுதலாம் என்று யோசித்தவர், கூடியிருந்தவர்களைப் பார்த்து, இங்கேயே யாராவது தர முடியுமா என்று கேட்டார். வேதிரே ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். அது பூதானம். அடுத்த ஆண்டே உத்தரப் பிரதேசத்தின் மங்ரோத் கிராமத்தில் அது கிராமதானமானது. நிலத்தின் உரிமை ஊருக்கு, உழுது பிழைக்கும் உரிமை குடும்பத்துக்கு.

பூதானத்தில் சேர்ந்ததாகக் கணக்கு சொல்லும் நிலம் 40 லட்சம் ஏக்கருக்கு மேல். அதில் பாறையும் கரம்பும் வழக்கில் கிடந்ததும் ஏராளம். பெரும்பகுதி ஏழைகளின் கைக்கு வரவேயில்லை. கொடுப்பவர் மனமிரங்கினால்தான் நீதி என்றால் இப்படித்தான் ஆகும். தமிழ்நாட்டில் பூதானத்தோடு நடந்த ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இதைக் கண்கூடாகப் பார்த்தவர்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு அவர்கள் கீழத்தஞ்சைக்குப் போனார்கள். 1981இல் ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கினார்கள். மிராசுதாரிடம் பேசி விலை முடித்து, வங்கிக் கடன் வாங்கி, நிலமில்லாப் பெண்களின் பெயரிலேயே பத்திரம் பதிந்தார்கள். தானம் போய்ப் பத்திரம் வந்த இடம் அது. என் கணக்கில் பூதானம் கண்ட மிகப் பெரிய முன்னேற்றம் அதுதான்.

இதற்கிடையில் யோசனை கடல் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்ததற்காகவே கறுப்பினக் குத்தகை விவசாயிகள் நிலத்தைவிட்டு விரட்டப்பட்டார்கள். காலடி நிலம் அடுத்தவனுடையது என்றால் வாக்குரிமை எத்தனை நாள் நிற்கும்? சார்லஸ் ஷெரட், ஸ்லேட்டர் கிங் போன்ற சிவில் உரிமைப் போராளிகளும், காந்தியையும் வினோபாவையும் படித்திருந்த ராபர்ட் ஸ்வானும் சேர்ந்து 1969இல் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ அமைப்பைத் தொடங்கினார்கள். கிராமதானமும் இஸ்ரேலின் குத்தகை நிலங்களும் அவர்களுக்கு முன்மாதிரி. சுமார் 5,700 ஏக்கர். வறட்சி வந்தபோது அரசின் கடன் அலுவலகம் நிற பேதம் பார்த்துக் கைவிரித்தது. 1985இல் நிலம் ஏலத்தில் போனது. அந்தப் பாகுபாட்டுக்கு 2009இல் நஷ்டஈடாக 1.2 கோடி டொலர் கிடைத்தது. அதில் அவர்கள் வாங்கியது, ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்த பெருந்தோட்டம் ஒன்றை.

நிலம் போனாலும் சட்ட வடிவம் தப்பியது. 1984இல் வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டனில், பெர்னி சாண்டர்ஸ் மேயராக இருந்தபோது, நகராட்சி 2 லட்சம் டொலர் போட்டு ஒரு நில அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது. மண் அறக்கட்டளைக்கு, மேலே வீடு குடும்பத்துக்கு. வீட்டை விற்கலாம், ஆனால் விலையை உடன்படிக்கையே கட்டுப்படுத்தும். நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு குடியிருப்பவர், ஒரு பங்கு அக்கம்பக்கத்தார், மீதி பொதுநலன் பார்ப்பவர். யாருடைய சொத்தையும் பறிக்காமல், சொத்துச் சட்டத்தை வைத்தே ஆடிய ஆட்டம்.

பார்க்டேலுக்கு அது ஏன் தேவைப்பட்டது? ஒன்ராறியோவில் வீடு காலியானால் புதிதாக வருபவரிடம் எவ்வளவு வாடகை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆகவே பழைய குடித்தனக்காரர் கிளம்பினால் வீட்டுக்காரருக்கு லாபம். பார்க்டேலில் தமிழ்க் குடும்பங்களும் இருந்த அடுக்ககங்களில் இந்தக் கணக்கு சாதாரணம். 2017 மே 1 தொடங்கி ஒரு பெரிய நிறுவனத்தின் கட்டடங்களில் சுமார் 300 பேர் வாடகை கொடுப்பதை நிறுத்தினார்கள். ஆகஸ்டில் நிறுவனம் இறங்கிவந்தது. மறுத்து நிற்பது ஒரு கை என்றால், வாங்கி வைப்பது மறு கை. தோட்டத்துக்குப் பிறகு, நகரின் பொது வீடமைப்பு நிறுவனத்திடமிருந்து சுமார் 80 வீட்டுச் சொத்துகள் அறக்கட்டளைக்கு வந்தன.

ஜனநாயகத்தை நேசிப்பவர்களின் பேச்சு சில காலமாக ‘அந்த ஆள் வந்தால் ஆபத்து’ என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆபத்தைத் தடுத்த பிறகு என்ன செய்வோம் என்று யாரும் சொல்வதில்லை. பார்க்டேல் ஒரு பதில் வைத்திருக்கிறது. குடியுரிமை இல்லாதவருக்கு ரொறன்ரோ நகராட்சித் தேர்தலில் வாக்கில்லை. அறக்கட்டளைக் கூட்டத்தில் கை தூக்கக் கடவுச்சீட்டு வேண்டாம், அந்த வட்டாரத்தில் வாழ்ந்து உறுப்பினராகச் சேர்ந்தால் போதும். ஜனநாயகப் பயிற்சி அங்கே தொடங்குகிறது.

ரொறன்ரோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் டொலர் திரட்டிய சமூகம் நாம். ஸ்கார்பரோவில் கோயில்களும் கட்டியிருக்கிறோம். அதே ஸ்கார்பரோவில், வயதான நம்மவர்கள் வாடகைக்கு இருக்கும் ஒரு கட்டடம் அடுத்த முறை விலைக்கு வரும்போது, அதை ஊர்ச் சொத்தாக வாங்க ஒரு கூட்டம் கூட்டுங்கள்.