பிரிவினைக் கோரிக்கையின் பிறப்பு

சண்டிலிப்பாய்க்கு மேற்கே சில கல் தொலைவிலுள்ளது பண்ணாகம். 1976 ஆம் ஆண்டு மே 14 ஆந் திகதி, சா. ஜே. வே. செல்வநாயகம் தலைமையில் அங்கே கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி மாநாடு தனியரசுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. தொகுதியின் பெயரால் அது வட்டுக்கோட்டைத் தீர்மானம் என வழங்கலாயிற்று.

தனியரசே தமிழரசுக் கட்சியின் தொடக்கக் கொள்கை என எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. 1949 இல் தோன்றிய அக்கட்சி வேண்டியது சமஷ்டியே. 1970 ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனமோ, பிரிவினை பேசுவோரை ஆதரியாதிருக்குமாறு வாக்காளரை வேண்டிற்று. அக்கட்சியினின்றும் பிரிந்து சுயாட்சிக் கழகங் கண்ட வி. நவரத்தினம் அத்தேர்தலில் ஊர்காவற்றுறையிலே தோற்றார்.

பின்னர் நிகழ்ந்தது யாது? 1971 இல் உடுவில் உறுப்பினர் வி. தருமலிங்கம் அரசியல் நிர்ணய சபையில் முன்வைத்த சமஷ்டித் திருத்தம் நிராகரிக்கப்பட்டது. மொழி பற்றிய திருத்தங்களும் அவ்வாறே ஒழியக் கட்சி சபையை விட்டகன்றது. 1972 மே 22 இல் நடைமுறைக்கு வந்த யாப்பில், சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு தந்த சிறுபான்மையோர் காப்பும் இல்லாதொழிந்தது. சமஷ்டியோடு அமைய விரும்பியோர் மக்கள்முன் காட்டுதற்கு அதன்பின் யாதும் எஞ்சவில்லை.

எனினும் தீர்மானத்தை எல்லாத் தமிழரும் ஏற்றிலர். கூட்டணியின் முத்தலைவருள் ஒருவரான தொண்டமான் தம் தொழிலாளர் காங்கிரசை அதனின்றும் விலக்கிக்கொண்டார். வடக்கிலும் கிழக்கிலும் அமையும் அரசினால் மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்வோர்க்குப் பயன் யாது?

1977 இற் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1983 ஆகஸ்டில் வந்த ஆறாந் திருத்தம், பிரிவினையை ஆதரிப்பதில்லை என உறுப்பினர் சத்தியஞ் செய்யவேண்டுமென்றது. மறுத்த கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். அவ்வாண்டு மூண்ட போர் 2009 மே வரை நீண்டது.