அமெரிக்க விஸ்கி: தயாரிப்பும் சுவையும்

அமெரிக்க விஸ்கி என்பது மக்காச்சோளம், ரை, கோதுமை, பார்லி ஆகிய தானியங்களைப் புளிக்கவைத்து வடித்து, பெரும்பாலும் உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் முதிரவைக்கப்படும் மதுவகை. போர்பன், ரை விஸ்கி, டென்னசி விஸ்கி, மக்காச்சோள விஸ்கி ஆகியவை இதில் முக்கியமானவை. வகைப் பெயர்கள் பெரும்பாலும் தானியத்தை ஒட்டி அமைந்தாலும், சுவையில் பெரும்பங்கு பீப்பாய்க்கே உரியது.

போர்பனில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடிக்கும்போது சாராய வீரியம் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் போனால் தானியத்தின் மணம் கழிந்துவிடும். பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மிகாமலும், புட்டியில் அடைக்கும்போது 40 சதவீதத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். நிறமியோ சுவையூட்டியோ சேர்க்க அனுமதியில்லை. 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் போர்பனை அந்நாட்டுக்கே உரிய தயாரிப்பாக அறிவித்தது. கென்டக்கியில் மட்டுமே இதைத் தயாரிக்க முடியும் என்ற பரவலான எண்ணம் தவறு. அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் தயாரிக்கலாம். ஆனால் கென்டக்கியின் சுண்ணாம்புப் பாறைகளினூடே ஊறிவரும் நீரில் இரும்புச்சத்து இல்லாததும், மக்காச்சோளம் அங்கே செழித்ததும் தொழிலை அந்த மாநிலத்தில் வேரூன்றச் செய்தன.

அரைத்த மக்காச்சோளத்தை முதலில் கொதிக்கவைத்து, சூடு தணியத் தணிய ரையையோ கோதுமையையோ சேர்த்து, கடைசியில் முளைகட்டிய பார்லியைக் கலப்பார்கள். பார்லியின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். இந்த ஊறலில் முந்தைய வடிப்பில் எஞ்சிய புளித்த நீரின் ஒரு பங்கும் சேரும். அதன் அமிலம் வேண்டாத பாக்டீரியாக்களை அடக்கி, ஒவ்வொரு வடிப்பும் ஒரே சீராக வர உதவுகிறது. 19ஆம் நூற்றாண்டில் கென்டக்கியில் பணியாற்றிய ஜேம்ஸ் குரோ இம்முறையை ஒழுங்குபடுத்தினார். ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த ஊறல் பெரும்பாலும் உயரமான தூண் வடிகலனில் வடிக்கப்பட்டு, பிறகு இன்னொரு கலனில் மறுமுறை வடிக்கப்படுகிறது.

வடிந்து வருவது நிறமற்ற திரவம். சுமார் 200 லிட்டர் கொள்ளும் பீப்பாயின் உட்புறத்தைத் தீயால் கருக்கும்போது மரத்தின் சர்க்கரைகள் கேரமலாகின்றன. லிக்னின் சிதைந்து வெனிலா மணம் தரும் வெனிலின் உண்டாகிறது. மேலே படியும் கரி கந்தக நெடியை உறிஞ்சிக்கொள்கிறது. கென்டக்கியின் கோடையில் திரவம் விரிந்து மரத்துக்குள் புகும். குளிரில் சுருங்கி வெளியேறும். கிடங்கின் மேல்தளங்களில் வெப்பம் கூடுதல் என்பதால், ஒரே நாளில் நிரப்பிய பீப்பாய்களும் தளத்துக்குத் தளம் வேறுபட்டு முதிர்கின்றன. ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் மறுபடி போர்பனுக்கு ஆகா. அவற்றில் பல ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகின்றன.

போர்பன்களுக்குள் வேறுபாட்டைக் கொண்டுவருவது பெரும்பாலும் இரண்டாம் தானியம். ரை சேர்ந்தால் மிளகுக் காரம் எழும். மேக்கர்ஸ் மார்க், வெல்லர் போன்றவற்றில் உள்ளதுபோல் கோதுமை சேர்ந்தால் சுவை மென்மையாகி இனிப்பு முன்னுக்கு வரும். ஈஸ்டின் பங்கும் சிறிதன்று. ஃபோர் ரோசஸ் நிறுவனம் 2 தானியக் கலவைகளையும் 5 ஈஸ்டுகளையும் கொண்டு 10 வகை விஸ்கிகளை வடிக்கிறது.

ரை விஸ்கிக்குக் குறைந்தது 51 சதவீதம் ரை தேவை. மிளகு, கிராம்பு, உலர்ந்த மூலிகை ஆகியவற்றின் சாயலும், இனிப்பு குறைந்த வறண்ட முடிவும் இதன் அடையாளம். பென்சில்வேனியாவும் மேரிலாந்தும் இதன் பழைய தாயகங்கள். ஜார்ஜ் வாஷிங்டன் தம் மவுன்ட் வெர்னன் பண்ணையில் வடித்ததும் ரை மிகுந்த விஸ்கியே. 1920 முதல் 1933 வரையிலான மதுவிலக்குக்குப் பின் நெடுங்காலம் நலிந்திருந்த இவ்வகை, 21ஆம் நூற்றாண்டில் காக்டெயில் மோகத்தோடு மீண்டது. கென்டக்கித் தயாரிப்பாளர்கள் பலர் 51 சதவீதத்தை ஒட்டி நிற்க, இந்தியானா மாநிலத்தின் லாரன்ஸ்பர்க்கில் 95 சதவீத ரை வடிக்கப்படுகிறது. இரண்டையும் அருகருகே சுவைத்தால் ஒரே வகையென நம்புவது கடினம்.

டென்னசி விஸ்கி ஏறக்குறைய போர்பனின் எல்லா விதிகளுக்கும் உட்பட்டது. பீப்பாய்க்குப் போகும் முன் மேப்பிள் மரக்கரியின் ஊடாக அதைச் சொட்டுச் சொட்டாக வடியவிடுவதே வேறுபாடு. பீப்பாய் சுவையைக் கூட்டுகிறது என்றால், கரி கரடுமுரடான எண்ணெய்ப்பசையைக் கழிக்கிறது. இவ்வகையின் பெயர்பெற்ற தயாரிப்பாளரான ஜாக் டேனியலுக்கு வடிதொழிலைக் கற்றுத்தந்தவர், அடிமையாக இருந்த நியரெஸ்ட் கிரீன் என்ற கறுப்பினத்தவர். டேனியல் பெயரிலான நிறுவனம் இதை வெளிப்படையாகக் கொண்டாடத் தொடங்கியது 2016இல்தான். 2013ஆம் ஆண்டின் டென்னசி மாநிலச் சட்டம், ஒரு சிறு தயாரிப்பாளருக்கு மட்டும் விலக்களித்து, கரி வடிகட்டலைக் கட்டாயமாக்கியது.

மக்காச்சோள விஸ்கியில் குறைந்தது 80 சதவீதம் மக்காச்சோளம் இருக்கும். இதை முதிரவைக்காமலே விற்கலாம்; ஓக் பீப்பாயில் வைத்தால் அது பழையதாகவோ கருக்காததாகவோ இருக்க வேண்டும். கருகிய மரத்தின் மறைப்பு இல்லாததால் தானியத்தின் பச்சை இனிப்பு நேராக நாவில் படும். கலப்பு விஸ்கி மலிவானது. 20 சதவீத அசல் விஸ்கியோடு நடுநிலைச் சாராயம் சேர்ந்தாலே போதும் என்பதால் அதன் சுவை மெலிந்திருக்கும்.

அமெரிக்க ஒற்றை மால்ட் 2025 ஜனவரியில் சட்ட வரையறை பெற்றது. முழுவதும் முளைகட்டிய பார்லியால், ஒரே வடிசாலையில் வடிக்கப்படும் இதற்குப் பழைய பீப்பாய்களும் செல்லும். சியாட்டிலின் வெஸ்ட்லேண்ட் வடிசாலை இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அரிசோனாவில் பார்லியை மெஸ்கீட் விறகுப் புகையில் உலர்த்துகிறார்கள். ஸ்காட்லாந்தின் பீட் எனும் சதுப்புநிலக் கரியின் புகைக்கு மாறாக அதில் பாலைநில விறகின் வாசம் வீசும்.